உவர் நிலத்தில் உமரி தழைக்கிறது. நெல் கருகுவது ஏன்?

பாகூர் கொம்யூனில் கடலோரமாக அமைந்த மணப்பட்டு, மூர்த்திக்குப்பம், பனித்திட்டு, நரம்பை ஆகிய ஊர்ப் பக்கம் சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். கழியை ஒட்டிய தரிசில் உமரிச் செடி தண்டும் இலையும் தடித்துப் பசுமையாக நிற்கும். அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் நட்ட நெல் நுனி வெளுத்து, தூர் கட்டாமல், திட்டுத் திட்டாகச் சொட்டை விழுந்திருக்கும். மண் ஏறக்குறைய ஒரே மண். உப்பும் ஒரே உப்பு. அப்படியிருக்க ஒரு செடி தழைப்பதும் மற்றொன்று கருகுவதும் ஏன்?

இதற்கான விடை செடியின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத புரதங்களில் இருக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் இதனைப் படிப்படியாகக் கண்டறிந்துள்ளனர். இது ஆராய்ச்சிக்கூடத்துச் செய்தி என்று உழவர்கள் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எந்த ரகத்தை நடுவது, குறைவாக உள்ள நல்ல தண்ணீரை எப்போது பாய்ச்சுவது, நுனி கருகிய பயிருக்கு யூரியா போடலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் இதிலிருந்தே விடை கிடைக்கிறது.

புதுச்சேரிப் பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சங்கராபரணியும் பெண்ணையாறும் மழைக் காலத்தில் ஓடி, கோடையில் மணலாகக் கிடக்கும். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர் பாகூர் ஏரியை நிரப்புகிறது. வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரி இருக்கிறது. இவற்றைத் தவிர்த்தால் பாசனம் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணறுகளையே நம்பியுள்ளது. கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால், நல்ல நீர் இறங்கிய இடத்தில் கடல் நீர் புகுகிறது. முதலில் தண்ணீர் சப்பென்று ஆகும்; பிறகு கரிக்கும். வாங்கிய கடன் தீருவதற்குள் கிணற்று நீர் கெட்டுவிட்டால் சிறு விவசாயிக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆகவே உப்பின் தன்மையை அறிந்து பயிர் செய்வது அவசியமாகிறது.

உப்பு செய்யும் இரண்டு கெடுதல்கள்

உப்பு பயிருக்கு இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. முதலாவது, தண்ணீர் இருந்தும் பயிரால் அதனைக் குடிக்க முடிவதில்லை. ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய்த் துண்டு தன் நீரை வெளியே விட்டுச் சுருங்குவதை எல்லோரும் பார்த்திருப்பர். உப்பு மிகுந்த மண்ணில் வேரின் நிலையும் அதுவே. வயலில் நீர் நின்றாலும் பயிர் வறட்சியில் நிற்பது போல வாடும்.

இரண்டாவது கெடுதல் சற்றுத் தாமதமாக வரும். உப்பில் உள்ள சோடியம் வேர் வழியாக ஏறி இலையில் சேர்கிறது. சோடியமும் சாம்பல் சத்தாகிய பொட்டாசியமும் ஏறத்தாழ ஒரே சாயல் உடையவை. பொட்டாசியம் செல்ல வேண்டிய வாசலில் சோடியமும் நுழைந்துவிடுகிறது. ஆனால் பொட்டாசியம் செய்யும் வேலையைச் சோடியத்தால் செய்ய முடியாது. பயிரின் உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் பொட்டாசியம் இருந்தால்தான் இயங்கும். அந்த இடத்தில் சோடியம் உட்கார்ந்துகொண்டால் வேலை நின்றுவிடும். இலை நுனி கருகுவது இதனால்தான்.

புரதம் என்பது என்ன?

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் மீனும் நினைவுக்கு வரும். உண்மையில் உயிருள்ள எல்லாவற்றிலும், நெற்பயிரின் ஒவ்வொரு செல்லிலும், ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் உண்டு. மணிகளைக் கோத்த மாலை போல அமினோ அமிலங்கள் என்னும் சிறு பொருள்கள் வரிசையாகச் சேர்ந்து, பிறகு குறிப்பிட்ட உருவில் மடிந்து புரதம் ஆகின்றன. மடிப்புச் சரியாக இருந்தால்தான் புரதம் வேலை செய்யும்.

இவற்றில் சில புரதங்கள் மதகு போன்றவை; செல்லின் சுவரோரச் சவ்வில் பதிந்திருந்து, எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும். சில, மோட்டார் பம்பு போல வேண்டாததை வெளியே இறைக்கும். சில, காவல்காரன் போல ஆபத்தை அறிந்து குரல் கொடுக்கும். இன்னும் சில, மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ஆக்கும் வேலையைச் செய்யும். இவ்வாறு ஆக்க வேலை செய்யும் புரதங்களையே நொதிகள் என்கிறோம்.

உப்பு மிகுந்தால் நொதிப் புரதத்தின் மடிப்புக் குலைகிறது. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டிவிடுகிறது. பாலில் உப்பைப் போட்டால் திரிவது போல என்று இதனை ஒருவாறு சொல்லலாம்.

விஞ்ஞானிகளை வியக்க வைத்த உண்மை

உப்பில் வாழும் செடிகளின் நொதிகள் உப்பைத் தாங்கும்படி இயற்கையாகவே உரம் பெற்றிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆஸ்திரேலியாவில் கிரீன்வே, ஆஸ்மண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் இதனைச் சோதித்து 1972-ல் முடிவை வெளியிட்டனர். உவர் நிலத்துச் செடிகளிலிருந்தும், உப்பைத் தாங்காத அவரை இனத்துச் செடியிலிருந்தும் நொதிகளைப் பிரித்தெடுத்து, இரண்டையும் உப்பு நீரில் வைத்துப் பார்த்தனர். இரண்டு வகை நொதிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் செயலிழந்தன.

அதாவது உமரி போன்ற செடியின் நொதிக்கும் உப்பு ஆகாது. உப்பு நிலத்துச் செடியின் திறமை, உப்பைத் தின்று செரிப்பதில் இல்லை. நொதிகள் வேலை செய்யும் இடத்தில் உப்பை அண்டவிடாமல் காப்பதில்தான் இருக்கிறது. அந்தக் காவல் வேலையைச் செய்பவையும் புரதங்களே. இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

காவலும் இறைப்பும்

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு களைச் செடியை வைத்து, அமெரிக்காவில் ஜியான்-காங் ஜூ என்பவரின் குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் ஆராய்ச்சி நடத்தினர. சிறிதளவு உப்புக்கே மடிந்துபோகும் செடிகளைத் தேடிப் பிடித்து, அவற்றில் எந்தப் புரதம் பழுதாகியுள்ளது என்று பார்த்தனர். மூன்று புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்வது தெரியவந்தது. அவற்றுக்கு எஸ்.ஓ.எஸ். என்று பெயரிட்டனர். நடுக்கடலில் கப்பல்கள் உதவி கேட்டு அனுப்பும் அபாயக் குறியும் அதுவே.

வேரில் சோடியம் நுழைந்ததும் செல்லுக்குள் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தின் அளவு மாறுகிறது. முதல் புரதம் அந்த மாற்றத்தை உணர்கிறது. அது இரண்டாவது புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. இரண்டாவது, செல்லின் சவ்வில் உள்ள மூன்றாவது புரதமாகிய பம்பை முடுக்கிவிடுகிறது. அந்தப் பம்பு சோடியத்தை வெளியே தள்ளுகிறது. நெல்லிலும் இதே அமைப்பு இருப்பது பின்னர் உறுதியாயிற்று.

வெளியே தள்ளியும் மிஞ்சும் சோடியத்தை என்ன செய்வது? செல்லின் நடுவில் நீர் நிறைந்த பெரிய பை ஒன்று உண்டு. வாக்குவோல் என்று நூல்கள் கூறும் இந்தப் பை, வீட்டுக்குக் குதிர் போன்றது. இதன் சுவரில் உள்ள மற்றொரு பம்புப் புரதம் சோடியத்தைப் பிடித்துப் பைக்குள் அடைத்துவிடுகிறது. நொதிகள் பைக்கு வெளியே வேலை செய்வதால் அவற்றுக்குக் கேடு இல்லை. உமரியின் இலை தடித்து, நீர் கோத்து இருப்பதற்கு இதுவே காரணம். அந்த நீர் முழுவதும் அடைத்து வைத்த உப்பு நீர். உமரிக் கீரையைச் சமைப்பவர்கள் உப்பைக் குறைத்துப் போடுவதும் இதனால்தான்.

கழிமுகங்களில் வளரும் வெண்கண்டல் மரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. உப்பில் பெரும் பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. தப்பி மேலே வந்ததை இலையில் உள்ள உப்புச் சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. அதன் இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும்.

நெல்லின் நிலை

நெல்லுக்கு உப்புச் சுரப்பியும் இல்லை. உமரியைப் போன்ற தடித்த இலையும் இல்லை. ஆயினும் எல்லா நெல்லும் ஒன்றல்ல. கேரளக் கடலோரத்தில் உவர் நீர் ஏறி இறங்கும் வயல்களில் காலங்காலமாகப் பயிராகும் பொக்காளி, வங்காளத்தின் நோனா பொக்ரா ஆகியவை உப்பைத் தாங்குவதில் உலகப் புகழ் பெற்றவை. நம் பக்கம் களர்ப்பாளை, குழியடிச்சான், உவர்முண்டான் என்ற பெயர்களே அவற்றின் குணத்தைச் சொல்லும்.

நோனா பொக்ராவின் இரகசியத்தைச் சீன விஞ்ஞானிகள் 2005-ல் கண்டறிந்தனர். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறும் குழாயின் ஓரத்தில் ஒரு புரதம் காவல் இருக்கிறது. தண்ணீரோடு ஏறும் சோடியத்தைப் பிடித்து இழுத்து, வேரிலும் தண்டின் அடியிலும் நிறுத்திவிடுகிறது. இலைக்குப் பொட்டாசியம் தடையின்றிச் செல்கிறது. இதே புரதம் உப்பைத் தாங்காத கோஷிஹிகாரி என்னும் ஜப்பானிய நெல்லிலும் இருக்கிறது. ஐந்நூறுக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் நான்கே நான்கு இடங்களில்தான் வேறுபாடு. மாலையில் நான்கு மணிகள் மாறியதால் காவலின் திறமை மாறிவிட்டது.

பொக்காளியிலிருந்து எடுத்த இத்தகைய மரபுப் பகுதிக்குச் சால்டால் என்று பெயர். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர், உப்பைத் தாங்காத வெள்ளைப்பொன்னியின் மேம்பட்ட ரகத்தில் இந்தப் பகுதியைக் கலப்பு முறையில் சேர்த்துப் பார்த்துள்ளனர். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்னும் நெல்லில் வேறு வழி பின்பற்றப்பட்டது. உப்பையும் வறட்சியையும் தாங்கும் குணத்துக்கு முட்டுக்கட்டையாக உள்ள ஒரு புரதம் உருவாகாதபடி, மரபணுவில் திருத்தம் செய்யப்பட்டது. இத்தகைய ரகங்களில் அறிவிப்பு வந்தவுடனே விதை என்று சொல்லி யார் விற்றாலும் வாங்கிவிடக் கூடாது. சான்று பெற்ற விதையாக, வேளாண் துறை வழியாக வந்தால் மட்டுமே வாங்க வேண்டும்.

வாட்டத்தைத் தாங்கும் புரதங்கள்

வெளியே உப்பு இழுக்கும்போது உள்ளே உள்ள நீரைக் காப்பாற்றச் செடி வேறொரு வழியும் வைத்திருக்கிறது. புரோலின் போன்ற, நொதிகளுக்குத் தீங்கு செய்யாத சிறு பொருள்களைச் செல்லுக்குள் மிகுதியாக ஆக்கிக்கொள்கிறது. அவை நீரைப் பிடித்து வைப்பதோடு, புரதங்களின் மடிப்புக் குலையாமலும் காக்கின்றன. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் 1980-களில் புகையிலைச் செல்களை உப்பில் பழக்கி வளர்த்தபோது, அவற்றில் ஒரு புதுப் புரதம் ஏராளமாகச் சேர்ந்திருப்பதைக் கண்டு அதற்கு ஆஸ்மோட்டின் என்று பெயரிட்டனர்.

உப்பின் வாட்டத்தில் செல்லுக்குள் நச்சு ஆக்சிஜன் உண்டாவதும் உண்டு. அதனை அடக்கும் நொதி ஒன்றின் மரபணுவைச் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் வெண்கண்டல் மரத்திலிருந்து எடுத்து நெல்லில் சேர்த்து, அந்த நெல் உப்பை மேலாகத் தாங்கியதை 2008-ல் வெளியிட்டனர். இது ஆய்வுக்கூட அளவில் நடந்த வேலை.

நொதிக்கு உப்பு ஆகாது என்று மேலே கூறிய விதிக்கு விலக்கும் உண்டு. வங்காளச் சுந்தரவனத்தில் உப்பு நீரில் மூழ்கி எழும் ஒரு காட்டு நெல் வளர்கிறது. கொல்கத்தா போஸ் நிறுவனத்தினர் அதிலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுத்து 2004-ல் விவரம் வெளியிட்டனர். நாட்டு நெல்லில் உள்ள அதே நொதி உப்பில் கட்டி தட்டிச் செயலிழக்க, காட்டு நெல்லின் நொதி உப்பிலும் வேலை செய்தது. காரணம், அதன் மாலையில் 37 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு. ஆனால் இப்படிப்பட்ட நொதிகள் அரிது. பொது விதி காவல்தான்.

காவலுக்கும் கூலி உண்டு

இரவும் பகலும் சோடியத்தை இறைக்கும் பம்புகளுக்குச் சக்தி வேண்டும். புரோலின் ஆக்கத் தழைச்சத்து வேண்டும். இவை எல்லாம் கதிருக்குப் போக வேண்டிய சத்திலிருந்தே செலவாகின்றன. ஆகவே உப்பைத் தாங்கும் ரகம் என்றால் உப்பு நிலத்திலும் முழு மகசூல் தரும் என்று பொருள் கொள்ளக் கூடாது. மற்ற ரகங்கள் முழுதும் கைவிடும் இடத்தில் இது ஓரளவு கண்டுமுதல் தரும் என்பதே பொருள்.

மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனைக் கொண்டு அளக்கின்றனர். முன்பு மில்லிமோ என்றும் இப்போது டெசிசைமன் என்றும் கூறும் அலகு இரண்டும் ஒன்றே. 4-க்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். நெல் ஏறக்குறைய 3 வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 சதவீதம் மகசூல் குறையும் என்பது பொதுவான கணக்கு. 5 இருந்தால் கால் பங்கு போயிற்று என்று கொள்ளலாம்.

உமரியை வளர்த்து உப்பை எடுக்கலாமா?

உமரி உப்பை உறிஞ்சித் தன்னுள் அடைத்துக்கொள்வதால், அதனைப் பயிரிட்டு அறுத்து அப்புறப்படுத்தினால் நிலத்தின் உப்புக் குறையுமல்லவா என்ற கேள்வி எழும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினர் இதனைச் செய்து பார்த்து 2007-ல் முடிவை வெளியிட்டனர். நான்கு மாதத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து உமரி 504 கிலோவும், செசுவியம் என்று தாவர நூல்கள் குறிப்பிடும் தரையில் படரும் தடித்த இலைச் செடி 474 கிலோவும் உப்பை எடுத்தன. ஏக்கர் கணக்கில் சுமார் 200 கிலோ.

இது நல்ல அளவுதான். ஆனால் மறுபக்கத்தையும் கணக்கிட வேண்டும். கிணற்று நீரின் அளவு 2 டெசிசைமன் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்குச் சுமார் 1.28 கிராம் உப்பு இருக்கும். ஓர் ஏக்கர் வயலில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டினால் 2 லட்சம் லிட்டர் ஆகிறது. அதில் வரும் உப்பு ஏறக்குறைய 250 கிலோ. அதாவது உமரி நான்கு மாதம் உழைத்து எடுக்கும் உப்பைவிட, ஒரே பாய்ச்சலில் வயலுக்கு வந்து சேரும் உப்பு அதிகம்!

ஆகவே கரிக்கும் கிணற்றை நிறுத்தாமல் இறைத்துக்கொண்டே, உமரி நட்டு நிலத்தைத் திருத்தலாம் என்று எண்ணுவது ஓட்டைப் பானையில் நீர் பிடிப்பது போலாகும். உவர் நீர் பாயாத தரிசில் உமரி உதவும். பாசன வயலில் உப்பை வெளியேற்ற மழையே சிறந்த வழி.

உவரா, களரா?

மருந்து போடுமுன் நோயை அறிய வேண்டும். வெயில் காலத்தில் மண் மேல் வெள்ளை பூத்து, காலில் பொடிப்பொடியாக ஒட்டினால் அது பெரும்பாலும் உவர். மண் கறுத்து இறுகி, பெய்த மழை நாட்கணக்கில் கலங்கல் நீராக நின்றால் அது களராக இருக்கலாம். களரில் கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும்; சோடியம் மண் துகளோடு ஒட்டியிருக்கும்.

ஜிப்சம் களருக்கு உரிய மருந்து. அதிலுள்ள கால்சியம் சோடியத்தை மண்ணிலிருந்து பெயர்த்து விடுகிறது. பிறகு நீர் கட்டி வடித்தால் சோடியம் வெளியேறும். வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் தேவையில்லை. நல்ல நீரால் கழுவினாலே போதும். பரிசோதனை செய்யாமல் ஜிப்சம் வாங்கிக் கொட்டுவது வீண் செலவு.

வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அதிலிருந்து அரை கிலோ எடுத்துத் துணிப்பையில் கட்ட வேண்டும். சொட்டை விழுந்த இடத்து மண்ணைத் தனியாக எடுக்க வேண்டும். கிணற்று நீரையும், சிறிது நேரம் மோட்டார் ஓடிய பிறகு சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொள்ள வேண்டும். அருகிலுள்ள உழவர் உதவியகத்தில் அல்லது குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் பரிசோதனைக்கு வழி சொல்வார்கள். ஆவணி பிறக்குமுன் இதனை முடித்துக்கொள்வது நல்லது.

செய்ய வேண்டியவை

1. மழை நீரைப் பிடித்தல்: ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை உப்பற்ற நீர். வரப்பை உயர்த்தி, நிலத்தைச் சமன் செய்து, மழை நீரை வயலில் தேக்கி மண்ணுக்குள் இறங்கவிட வேண்டும். ஒரு அடி ஆழ மண்ணின் வழியாக ஒரு அடி நீர் இறங்கினால், நடுத்தர மண்ணில் உப்பில் ஐந்தில் நான்கு பங்கு கீழே போய்விடும். வடிகால் இல்லாவிட்டால் இறங்கிய உப்பு மீண்டும் மேலேறும். ஆகவே வடி வாய்க்காலைத் தூர் எடுப்பது உரம் போடுவதைவிட முக்கியமானது. 2004 டிசம்பர் 26-ல் கடல் நீர் புகுந்த வயல்களிலும், அடுத்த பருவ மழைதான் உப்பின் பெரும் பகுதியைக் கழுவிற்று.

2. ரகம்: சம்பா பருவத்தில் கோ 43, திருச்சி 1, திருச்சி 3 போன்றவை ஏற்றவை, இவை சுமார் 135 முதல் 140 நாள் வயதுடையவை. திருச்சி ரகங்கள் களரைத் தாங்குவதில் சிறந்தவை. வெள்ளைப்பொன்னி உப்புக்கு எளிதில் இரையாகும். சோறு நன்றாக இருக்கிறது என்பதற்காக உவர் மனையில் அதனை நடக் கூடாது. களர்ப்பாளை, குழியடிச்சான் விதை கிடைப்பவர்கள் ஒரு மூலையில் நட்டுப் பார்க்கலாம். வைக்கோலும் கூடுதலாகக் கிடைக்கும்.

3. நாற்று: நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலைப் பருவத்தில் தாங்காது. காவல் புரதங்கள் போதிய அளவு உருவாகாத காலம் அது. ஆகவே நாற்றங்காலை நல்ல நீர் கிடைக்கும் மேட்டில் அமைக்க வேண்டும். 30 முதல் 35 நாள் வயதுடைய முற்றிய நாற்றாக எடுத்து, குத்துக்கு மூன்று நான்கு வீதம், சற்று நெருக்கி நட வேண்டும்.

4. பசுந்தாள் உரம்: நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். ஏக்கருக்கு இரண்டரை டன் தழை சேர்ந்தால் போதும். தக்கைப்பூண்டு உவரையும் களரையும் தாங்கி வளரும். மண்ணைப் பொலபொலப்பாக்கி நீர் இறங்க வழி செய்யும்.

5. உரம்: சிபாரிசு செய்யப்பட்ட அளவைவிடத் தழைச்சத்தைக் கால் பங்கு கூட்டி, பல தடவையாகப் பிரித்துப் போட வேண்டும். சாம்பல் சத்தைக் குறைக்கவே கூடாது. சோடியத்தோடு போட்டி போடுவது அதுதான். நடவின்போது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவலாம்.

6. நல்ல நீரைச் சேமித்தல்: நாற்று வேர் பிடிக்கும் காலமும், கதிர் உருவாவதிலிருந்து பூக்கும் வரையிலான காலமும் நெல்லுக்கு மிக இக்கட்டானவை. பூக்கும்போது உப்பு ஏறினால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகிவிடும். ஏரி நீர் கொஞ்சமே கிடைக்கிறது என்றால், அதனை இந்த இரண்டு காலத்துக்கும் ஒதுக்கி வைத்து, இடைக் காலத்தில் மட்டும் கிணற்று நீரைப் பாய்ச்ச வேண்டும். ஒரே வாய்க்காலில் இருப்பவர்கள் முன்கூட்டியே பேசி முறை வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நன்மை.

7. கோடையில்: பங்குனி, சித்திரையில் நிலத்தை வெறுமனே கிடக்கவிட்டால் அடி உப்பு ஈரத்தோடு மேலேறிப் பூக்கும். அறுவடை முடிந்த கையோடு உழுது போட வேண்டும். அல்லது வைக்கோல், சருகு கொண்டு மூட வேண்டும்.

இலையைப் படிக்கத் தெரிய வேண்டும்

நட்ட வயலில் இலை நுனி வெளுத்ததும் பலர் யூரியாவை அள்ளித் தெளிக்கின்றனர்; சிலர் பூச்சி மருந்துக் கடைக்கு ஓடுகின்றனர். அதற்கு முன் எந்த இலை கருகியிருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும்.

அடி இலைகள் மட்டும் நுனியிலிருந்து வெளுத்து, புதிதாக வரும் குருத்து இலை பசுமையாக இருந்தால், பயிரின் காவல் இன்னும் நிற்கிறது என்று பொருள். தப்பி ஏறிய சோடியத்தைப் பழைய இலைகளில் தள்ளி, குருத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அப்போது உவர் நீரை வடித்து, கிடைக்கும் நல்ல நீரை ஒரு முறை பாய்ச்சினால் பயிர் தேறிவிடும். குருத்திலேயே நுனி சுருண்டு வெளுத்தால் காவல் உடைந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு போடும் உரமும் மருந்தும் வீண். கதிர் வரும் தருணத்தில் கண்ணாடி இலை பசுமையாக நிற்கும்படி பார்த்துக்கொண்டால் மணி பிடிப்பதற்குத் தடை இல்லை.

இவ்வாறு குருத்தைப் பார்த்து முடிவு செய்ய ஒரு பைசா செலவில்லை. கைவிட வேண்டிய பயிருக்கு மேலும் கடன் வாங்கிச் செலவழிப்பதையும், தேறக்கூடிய பயிரைக் கைவிடுவதையும் இது தடுக்கும்.

கிணறு கரிக்கத் தொடங்கிய நிலத்தில் ஆண்டு முழுவதும் மூன்று போகம் நெல் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். மழைப் பருவத்தில் ஒரு சம்பா நெல்லை உறுதியாக எடுத்து, சொர்ணவாரியில் கரிக்கும் கிணற்றை நம்பி நெல் நடாமல் இறைப்பைக் குறைத்தால், அடியில் நல்ல நீர் மீண்டும் ஊற இடம் உண்டாகும். ஒருவர் மட்டும் நிறுத்திப் பயனில்லை. பக்கத்துக் கிணறு இரவெல்லாம் ஓடினால் கடல் நீர் இருவர் கிணற்றுக்கும் பொதுவாகவே வந்து சேரும். ஆகவே ஊராகக் கூடி முடிவு செய்ய வேண்டிய காரியம் இது.

உப்பு நிலத்துச் செடி உப்பை ஏற்பதில்லை. வேலை நடக்கும் இடத்துக்கு வரவிடாமல் காக்கிறது. உழவர்களும் வயலில் அதையே செய்ய வேண்டும்: மழை நீரால் கழுவி, வடிகால் வழியே வெளியேற்றி, இளம் நாற்றையும் பூக்கும் கதிரையும் உப்பு நெருங்காமல் காத்தால், உவர் நிலமும் ஓரளவு சோறு போடும்.